வயிற்றில் வருவதும் மடியில் வருவதும்



திருப்பதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் சாலையில் ஏர்பேடு என்ற ஊர் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. திருமலையில் கோகர்ப்பம் என்னுமிடத்தில் நெடுங்காலம் தவமியற்றிய மலையாள சுவாமிகள் (1885–1962) நிறுவிய வியாசாசிரமம் இங்கேதான் உள்ளது. சாதி வேறுபாடின்றி, ஆண் பெண் என்ற பேதமின்றி, வேதாந்தக் கல்வியின் கதவை அனைவருக்கும் திறந்துவிட்ட மகான் அவர்.

சில காலத்திற்கு முன்பு அந்த ஆசிரமத்தில் சில நாட்கள் தங்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. ஒரு மாலை வேளையில், வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர் அங்கே வந்தனர். முதல் நாள் திருமலையில் சுவாமி தரிசனம் செய்திருந்தார்கள். மறுநாள் அதிகாலை காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்வதாக ஏற்பாடு. காளஹஸ்திக்குச் சென்றபின் வேறு கோயிலுக்குச் செல்லாமல் நேரே வீடு திரும்ப வேண்டும் என்பது வழக்கமல்லவா? அதனால் மலைக்கு முன்னதாகவே சென்று வந்துவிட்டனர். வழியில் ஆசிரமத்தின் பெயரைப் பார்த்துச் சற்று இளைப்பாற உள்ளே வந்தவர்கள், தமிழ் பேசும் சந்நியாசி ஒருவன் இருப்பதைக் கண்டதும் அருகில் வந்து அமர்ந்தார்கள்.

"சுவாமிஜி, நாளை செய்யப் போவது நான்காவது பூஜை" என்றார் அந்த அம்மையார். மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருக்கு வயது 37, கணவருக்கு 41. செயற்கை முறைக் கருத்தரிப்புச் சிகிச்சை இருமுறை நடந்துவிட்டது. முதல் முறை கரு தங்கவே இல்லை. இரண்டாம் முறை தங்கியது, பத்தாவது வாரத்தில் கலைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கரு மருத்துவமனையில் உறைநிலையில் காக்கப்பட்டு வருகிறது.

கணவர் தலைகுனிந்தபடி, "தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன், சுவாமிஜி. அன்று முதல் இவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை" என்றார்.

அம்மையார் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. எல்லாப் பெண்களும் வரிசையாகச் சென்று வளையல் இட்டார்கள். என் முறை வந்தபோது, 'நீ பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அந்த வாரத்திலேயே இவர் தத்து என்ற பேச்சை எடுத்தார். இனி உன் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று இவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டதாகவே எனக்குக் கேட்டது."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி நினைத்தா சொன்னேன்? ஒவ்வொரு ஊசியும் அவள் உடம்பில்தான் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் அழுவதும் அவள்தான். பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் சொன்னேன்."

அன்பர்களே, இரக்கத்தினால் கணவர் சொன்ன சொல், மனைவியின் செவியில் தண்டனையாக விழுந்திருக்கிறது. இருவருமே ஒருவர்மேல் ஒருவர் அன்பு மிகுந்தவர்கள். ஆயினும் ஒன்பது ஆண்டுத் துயரம் இருவருக்கும் இடையே ஒரு சுவராக எழும்பி நின்றது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே தத்தெடுப்பதைப் பற்றி நினைக்கலாமா? நினைத்தால் அது இறைவனிடமும் தன்னிடமும் நம்பிக்கை இழந்ததாகுமா? இதுவே அவர்கள் கேட்ட கேள்வி. நம் அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில் வெளியே சொல்லாமல் கேட்கப்படும் கேள்வியும் இதுவே. ஆகவே அன்று பேசியதையும், பின்னர் சிந்தித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வறண்ட வேதாந்தம் வேண்டாம்

துயரத்தோடு வருபவரிடம், "குழந்தை என்பதே பந்தம், மாயை, இல்லாததும் நன்மைக்கே" என்று சொல்லிவிடுவது மிக எளிது. மலையாள சுவாமிகள் எழுதிய நூல்களில் ஒன்றின் பெயர் 'சுஷ்க வேதாந்த தமோ பாஸ்கரம்'. வறட்டு வேதாந்தம் என்னும் இருளைப் போக்கும் கதிரவன் என்பது அதன் பொருள். அழுகின்ற தாயின் முன் அமர்ந்து மாயையைப் பற்றி உபதேசிப்பதைக் காட்டிலும் வறட்டு வேதாந்தம் வேறு என்ன இருக்க முடியும்? குழந்தை வேண்டும் என்ற ஆசை இழிவானதன்று. இல்லறத்தானுக்குச் சாத்திரம் விதித்த தர்மங்களோடு இணைந்தே அது வருகிறது. பத்து வாரம் வயிற்றில் இருந்து கலைந்த கருவும் ஓர் இழப்பே. அதற்காக அழுவதற்கு அந்தத் தாய்க்கு உரிமை உண்டு.

அடுத்து, இது அபூர்வமான குறை அன்று. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் கருவுறாமையின் துன்பத்தை அடைகிறார். காரணம் மனைவியிடம் இருக்கலாம், கணவனிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், மருத்துவர்களுக்கே புலப்படாமலும் இருக்கலாம். ஆயினும் நம் ஊரில் 'மலடி' என்ற சொல் பெண்ணின்மேல் மட்டுமே வீசப்படுகிறது. பரிசோதனைக்கு முதலில் அழைத்துச் செல்லப்படுபவளும் அவளே.

"முற்பிறவிப் பாவம் என்கிறார்களே, சுவாமிஜி?" என்று அம்மையார் கேட்டார். கர்மக் கொள்கை, ஒவ்வொருவரும் தம்மைத் தாமே திருத்திக்கொள்வதற்காக முனிவர்கள் ஏற்றிவைத்த விளக்கு. பிறரைச் சுடுவதற்காக அதைத் தீவட்டியாகப் பயன்படுத்துபவன் கர்மத்தை அறிந்தவன் அல்லன். இன்னொருவருடைய முற்பிறவியைப் படித்துச் சொல்லும் அதிகாரம் நம்மில் யாருக்கும் தரப்படவில்லை. பூஜை செய்யுங்கள், மனம் அமைதி பெறட்டும். ஆனால் மருத்துவர் குறித்த நாளைத் தள்ளிவைத்துப் பரிகாரம் செய்ய வேண்டாம். கடன் வாங்கியும் செய்ய வேண்டாம். அவ்வாறு செய்தால்தான் அருள்வேன் என்று இறைவன் எங்கும் சொன்னதில்லை.

மருத்துவம் இறைவனுக்கு எதிரானது என்று அஞ்சுவோரும் உண்டு. 1978-ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் 'துர்கா' என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது ஏளனமே. அங்கீகாரம் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. மனிதனுக்கு இறைவன் தந்த அறிவு, மனிதனின் கண்ணீரைத் துடைக்கப் பயன்படுமானால் அதுவும் அருளே. ஆகவே சிகிச்சை செய்துகொள்வது பக்திக்குக் குறைவு ஆகாது.

இரண்டு திருத்தலங்கள் சொல்லும் இரண்டு கதைகள்

அன்று மாலை அத்தம்பதியரிடம் நான் முதலில் சொன்னது இரண்டு கதைகளை. இரண்டும் ஏர்பேட்டைச் சுற்றியுள்ள தலங்களின் கதைகளே.

ஒன்று, அவர்கள் மறுநாள் செல்லவிருந்த காளத்தியின் கதை. காளத்தியப்பருக்குத் தம் கண்ணையே அப்பிய கண்ணப்பரை நாம் அறிவோம். அவருடைய பெற்றோரைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. வேடர் தலைவன் நாகனும் அவன் மனைவி தத்தையும் நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்தியவர்கள். முருகப் பெருமானை வேண்டி வழிபட்ட பின்னரே அவர்களுக்குத் திண்ணன் பிறந்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. காத்திருந்த வயிறு கனிந்த கதை இது.

மற்றொன்று, புத்தூர் அருகில் உள்ள நாராயணவனத்தின் கதை. அங்கே ஆட்சி புரிந்த ஆகாசராஜனுக்கும் தரணிதேவிக்கும் குழந்தை இல்லை. அரசன் வேள்வி செய்யக் கருதி நிலத்தை உழுதான். அப்போது மண்ணுக்குள்ளிருந்து தாமரை மலரில் ஒரு பெண் குழந்தை வெளிப்பட்டது. அவளை மகளாக வளர்க்குமாறு வானிலிருந்து ஒரு குரல் கேட்டது என்று திருமலைத் தல மகாத்மியம் சொல்கிறது. அவளே திருச்சானூரில் நாம் வணங்கும் பத்மாவதித் தாயார். திருமகளே ஒரு வளர்ப்பு மகளாக வந்தாள் என்பதை நாம் எத்தனை முறை கேட்டும் எண்ணிப் பார்த்தோமா?

இக்கதையில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆகாசராஜன் தன் முயற்சிகள் அனைத்தும் முடிந்து, தோற்றுக் களைத்த பிறகு அக்குழந்தையைக் காணவில்லை. முயற்சியின் நடுவே, ஏரைப் பிடித்திருந்த கையோடு கண்டான். அவளை எடுத்து மார்போடு அணைத்தபோது, "இவள் என் வேள்வியின் பலன் அல்லவே" என்று அவன் தயங்கவில்லை. தான் கேட்ட உருவில் வராத குழந்தையையும் தன் குழந்தையாக ஏற்றுக்கொண்டான்.

மாப்பிள்ளை வீட்டின் நிலையும் அதுவே. திருவேங்கடமுடையானின் திருமணத்தைத் தாயாக இருந்து நடத்தி வைத்தவள் வகுளாதேவி. கண்ணனை வளர்த்த யசோதையே அவனுடைய திருமணத்தைக் காணும் ஏக்கத்தினால் வகுளாதேவியாக வந்தாள் என்பது ஐதிகம். திருப்பதிக்கு அருகே பேரூர்க் குன்றில் சிதைந்து கிடந்த அவளுடைய கோயில் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் குடமுழுக்கு நடைபெற்றது. அந்தத் திருமணத்தில் மணமகனுக்கும் வளர்ப்புத் தாய். மணமகளுக்கும் வளர்ப்புப் பெற்றோர். நம் நாட்டில் எத்தனையோ இல்லங்களில் தினமும் பூஜிக்கப்படும் குடும்பம் அது! வில்லிபுத்தூரில் துளசிச் செடியின் அடியில் கிடைத்த கோதையைப் பெரியாழ்வார் வளர்த்ததையும் இதனோடு சேர்த்து நினையுங்கள்.

வயிற்றில் வந்த கண்ணப்பரும் மடியில் வந்த பத்மாவதியும் இறைவனின் கொடையே. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று அது கிடைக்காதவர்க்கு ஆறுதல் என்று இக்கதைகள் தரம் பிரிக்கவில்லை. தரம் பிரித்தவர்கள் நாமே.

தத்துக் குழந்தை மருந்தன்று

இதைக் கேட்டதும் கணவரின் முகம் சற்று மலர்ந்தது. "ஆகாசராஜனுக்குப் பிறகு வசுதானன் என்ற மகனும் பிறந்தானே, சுவாமிஜி! எங்கள் ஊரிலும் தத்தெடுத்தால் அந்த ராசியில் தானாகவே ஒன்று பிறக்கும் என்கிறார்கள்" என்றார்.

இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்ற பழமொழியையும் இதற்குச் சான்றாகக் கொள்வாருண்டு. பிறர் குழந்தையிடம் காட்டும் கனிவு நம் இல்லத்தையும் செழிக்கச் செய்யும் என்பதல்லவா அதன் கருத்து? தத்தெடுத்தபின் கருவுற்றவர்களை நாம் அறிவோம். தத்தெடுக்காமல் சிகிச்சையை மட்டும் நிறுத்தியபின் கருவுற்றவர்களும் உண்டு. முதலில் சொன்ன சிலரைப் பற்றி ஊர் பேசிக்கொண்டே இருக்கிறது. தத்தெடுத்தும் கருவுறாத பலரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே அது நியதிபோலத் தோன்றுகிறது. தத்தெடுப்பது கருத்தரிக்கச் செய்யும் சிகிச்சை அன்று; பரிகாரமும் அன்று.

அப்படி எண்ணி ஒரு குழந்தையை வீட்டிற்குக் கொண்டுவந்தால் என்ன நிகழும்? பிறகு ஒரு குழந்தை பிறந்தால், முன்னது வேலை முடிந்த கருவியாகிவிடும். பிறக்காவிட்டால், ராசியில்லாத குழந்தை என்ற பெயர் அதற்கு வந்துவிடும். பிறந்தது முதல் ஒருமுறை கைவிடப்பட்ட உயிர், உங்கள் வீட்டிலேயே இரண்டாம் முறை கைவிடப்படும். இதைவிடப் பெரிய பாவம் ஏதேனும் உண்டா?

வசுதானன் பிறந்தபின் பத்மாவதி அரண்மனையின் ஓரத்தில் ஒதுக்கப்படவில்லை. திருவேங்கடமுடையானுக்குக் கன்னிகாதானம் செய்து கொடுக்கப்பட்டவள் அவளே. அவளுடைய பெயரையும் பாருங்கள். பத்மத்தில் தோன்றியவள் பத்மாவதி. அவள் எவ்வாறு வந்தாள் என்ற உண்மையை மறைக்காமல், அதையே அழகிய பெயராகச் சூட்டினார்கள். தத்தெடுத்த குழந்தையிடம் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு இப்பெயரே விடை. விவரம் அறியத் தொடங்கும் வயது முதலே, அன்போடு, கதையாகச் சொல்லி வளர்ப்பதே நலம். பின்னாளில் பிறர் வாயால் அறிய நேர்ந்தால், அக்குழந்தையின் நெஞ்சில் விழும் காயம் எளிதில் ஆறாது.

காலத்தோடு வளர்ந்த தர்மம்

பழங்காலத்தில் சுவிகாரம் என்பது பெரும்பாலும் பெற்றோரின் பொருட்டே செய்யப்பட்டது. பிண்டம் இடவும், வம்சம் தொடரவும், சொத்து நிலைக்கவும் ஆண் பிள்ளையைத் தேடினார்கள். மனைவியின் சம்மதம்கூடத் தேவையாகக் கருதப்படவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றாயிற்று. மனைவியின் சம்மதமின்றிக் கணவன் தத்தெடுக்க இயலாது என்றும் ஆயிற்று.

பின்னர் வந்த இளைஞர் நீதிச் சட்டம், 2015, குழந்தையின் நலனையே நடுவில் வைத்தது. மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையம் இச்சட்டத்தின்கீழ் நாடு முழுவதற்கும் பொறுப்பேற்றுள்ளது. விருப்பமுள்ளோர் அதன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டிற்கு வந்து பார்த்துப் பேசி அறிக்கை அளிப்பார். தம்பதியர் மணமாகிக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான இல்லறம் நடத்தியிருக்க வேண்டும். இருவரும் மனமொப்ப வேண்டும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையை ஏற்க, கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தையாயின் 90. குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு வேறுபாடு வேண்டும். முன்பு நீதிமன்றம் வழங்கிய ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். குழந்தை இல்லம் வந்தபிறகும் இரண்டு ஆண்டுகள் அதன் நலம் கண்காணிக்கப்படும்.

இவ்வளவு விதிகள் எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கிறது, பணம் கொடுத்தால் உடனே கிடைக்கும்" என்று யாரேனும் சொன்னால் அப்பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். குழந்தையை விலைக்கு வாங்குவதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஓர் ஏழைத் தாயின் கண்ணீரில் நம் வீட்டுத் தொட்டிலைக் கட்டக் கூடாது.

சிகிச்சையின் நடுவே எழும் கேள்வி

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வருவோம். சிகிச்சை நடக்கும்போதே தத்தெடுப்பதைப் பற்றி எண்ணலாமா? எண்ணலாம். குழந்தை இல்லாதவர்கள் மட்டுமே தத்தெடுக்க வேண்டும் என்று இன்றைய விதிகளும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசுவதாலும் படிப்பதாலும் யாருடைய வயிறும் மூடிவிடாது.

காலத்தையும் கருத வேண்டும். 37-ஐயும் 41-ஐயும் கூட்டினால் 78. நான்கு ஆண்டுகள் சிகிச்சையிலேயே கழிந்து, அதன்பின் பதிவு செய்யச் சென்றால் 86. கைக்குழந்தைக்கான வரம்பு அப்போது கடந்திருக்கும். பதிவு செய்தவர்களும் சிறு குழந்தைக்காக மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் நிலை உள்ளது. மறுபுறம், பெண்ணின் வயது 35-ஐத் தாண்டியபின் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஆகவே இரு வழிகளையும் அறிந்து வைத்துக்கொள்வது அவநம்பிக்கை அன்று. அது விவேகம்.

ஆனால் எண்ணுவது வேறு, ஏற்பது வேறு. உண்மையாகவே ஒரு குழந்தை உங்கள் மடிக்கு வரும் முன், இருவரும் இறைவன் சந்நிதியில் தனித்தனியே அமர்ந்து தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுங்கள். கலைந்துபோன கருவிற்காக அழுது தீர்த்தோமா? அழுகையை அடக்க இக்குழந்தையைத் தேடுகிறோமா? நாளையே நம் வயிற்றில் ஒன்று உருவானாலும், இக்குழந்தையை இதே கையால் அணைப்போமா? இக்குழந்தை வேண்டும் என்று சொல்வது நாமா, அல்லது ஊரின் வாயை அடைக்க விரும்பும் நம் அகங்காரமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெளியாவிட்டால் காத்திருங்கள். உறைநிலையில் உள்ள அந்தக் கருவிற்கு ஒரு வாய்ப்பளிக்க வேண்டும் என்று மனைவியின் மனம் விரும்பினால், கணவர் துணை நிற்கட்டும். "என் உடல் களைத்துவிட்டது, இனி ஊசி வேண்டாம்" என்று அவள் சொன்னால், அதையும் யாரும் மறுக்க வேண்டாம். எத்தனை முறை, எவ்வளவு செலவு, எந்த வயது வரை என்பதை மருத்துவருடன் கலந்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லை வகுக்காத முயற்சி தவம் ஆகாது. அது உடலையும் உறவையும் வாட்டும். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் கருவுற நேர்ந்தால், மறைக்காமல் சமூகப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது வரவேண்டிய குழந்தைக்கு மனம் முழுவதும் காத்திருக்கும் வேறொரு வீடு கிடைக்கட்டும்.

வழி இன்னொன்றும் உண்டு. கர்நாடகத்தின் ஹுளிகல் கிராமத்தில் திம்மக்கா என்ற ஏழைப் பெண்மணி வாழ்ந்தார். பிள்ளை இல்லை என்று ஊரார் இகழ்ந்தனர். அவரும் கணவர் சிக்கையாவும் சாலையோரத்தில் ஆலங்கன்றுகளை நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, பிள்ளைகளைப் போல வளர்த்தனர். 385 ஆலமரங்கள்! 'மர வரிசை' என்று பொருள்படும் 'சாலுமரத' என்பது அவர் பெயரோடு சேர்ந்தது. 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2025 நவம்பரில் காலமானார். முதுமையில் ஒரு வளர்ப்பு மகனும் அவருக்கு வாய்த்தார். குழந்தை இன்றியும் ஒரு தம்பதியர் நிறைவாக வாழ முடியும். அவ்வாறு வாழ முடிவு செய்பவர்களைத் துளைத்துக் கேள்வி கேட்காதிருப்பது நம் கடமை.

பிருஹதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கிய முனிவர் தம் மனைவி மைத்ரேயிக்கு உபதேசிக்கும்போது, கணவன், மனைவி, மக்கள் ஆகிய எல்லோரிடமும் நாம் கொள்ளும் அன்பிற்கு ஊற்று எது என்று ஆராய்கிறார். அது நம் எல்லோருள்ளும் ஒளிரும் ஆத்மாவே என்று காட்டுகிறார். அவ்வாறாயின் இரத்தம் வேறு என்பதால் குழந்தை வேறாகிவிடுமா? யாரோ பெற்று, எங்கோ தனியே அழும் குழந்தையினுள் ஒளிர்வதும் அதே ஆத்மா அல்லவா? இதை நூலில் படிப்பது எளிது. நள்ளிரவில் எழுந்து அக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கும்போதுதான் அது அனுபவமாகிறது.

இல்லத்துப் பெரியோர்களுக்கு

மாமியார், மாமனார், நாத்தனார் என்று இல்லத்தில் உள்ள பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். "விசேஷம் உண்டா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள். விசேஷம் இருந்தால் அவர்களே ஓடிவந்து சொல்வார்கள். வளைகாப்பிலும் தொட்டில் விழாவிலும் பிள்ளையில்லாத பெண்ணை ஒதுக்கி நிறுத்தாதீர்கள். ஏங்குகின்ற நெஞ்சிலிருந்து வரும் ஆசியைவிடக் கனிந்த ஆசி எங்கே கிடைக்கும்? உங்கள் பிள்ளைகள் தத்தெடுக்க முடிவு செய்தால், வருகின்ற குழந்தையை முதலில் மடியில் வாங்குபவர்கள் நீங்களாக இருங்கள். "நம் இரத்தமா?" என்ற சொல் உங்கள் நாவில் வராதிருக்கட்டும்.

பின்னர் வந்த கடிதம்

அன்று மாலை ஆசிரமத்தை விட்டுப் புறப்படும்போது அம்மையார் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கணவர் மட்டும் மனைவியின் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். "இனி நானாக அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீ சொல்லும்போது பேசலாம்" என்று அவர் தாழ்ந்த குரலில் கூறியது என் காதில் விழுந்தது. மறுநாள் அவர்கள் காளஹஸ்திக்குச் சென்று பூஜையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள்.

பல மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறைநிலையில் இருந்த கருவையும் வைத்துப் பார்த்தார்களாம், தங்கவில்லை. "இம்முறை இருவரும் சேர்ந்து அழுதோம், சுவாமிஜி. மூன்று மாதம் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. பிறகு ஒருநாள் நானே கணினியின் முன் அமர்ந்து பதிவு செய்தேன். இவர் பக்கத்தில் அமர்ந்து சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தார். அழைப்பு வர ஆண்டுகள் ஆகலாம் என்கிறார்கள். வரட்டும். சென்ற வாரம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. அந்தப் பெண் தானே எழுந்து வந்து என் முன்னே கையை நீட்டினாள். வளையல் இட்டுவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தார்.

அன்பர்களே, அந்த இல்லத்தில் இன்னும் குழந்தை வரவில்லை. ஆனால் இருவருக்கும் இடையே நின்ற சுவர் விழுந்துவிட்டது. இனி அங்கே வருகின்ற குழந்தை, வயிற்றில் வந்தாலும் மடியில் வந்தாலும், அதற்குத் தாயும் தந்தையும் ஒருமனதாகக் காத்திருப்பார்கள். ஒரு குழந்தைக்கு நாம் தரக்கூடிய முதல் செல்வம் அதுவே.

நாகனுக்கும் தத்தைக்கும் திண்ணனைத் தந்தவனும், ஆகாசராஜனின் ஏர்முனையில் பத்மாவதியைத் தந்தவனும் ஆகிய பரம்பொருள், காத்திருக்கும் இல்லங்கள் அனைத்திற்கும் தெளிந்த அறிவையும் தளராத அன்பையும் அருள்வானாக! இல்லமின்றி ஏங்கும் குழந்தைகள் அனைவருக்கும் ஒரு மடியை அருள்வானாக!